நான்காம் மதகு

பிப்ரவரி 11
புறவழிச்சாலை வேலை முகாம்

அக்கா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ பாதியில் "அப்புறம் பேசு, பேஷன்ட் நிக்கறாங்க" என்று வெட்டிவிடுவாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. அதுவும் தவிர, இந்தத் தகரக் கொட்டகையில் ஆறு பேர் படுக்கிறோம். ஒருவன் தும்மினால் ஆறு பேருக்கும் கேட்கும். தண்ணீர் லாரி டிரைவர் தினமும் உன் கிளினிக் வாசலைத் தாண்டித்தான் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

என் வேலை என்ன என்று நீ யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. "என் தம்பி ரோடு போடறான்" என்பாய். நான் ரோடு போடுவதில்லை. போட்ட ரோடு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். அந்தக் கையெழுத்து இல்லாமல் சாலையைத் திறக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரைச் சுற்றி இந்த பைபாஸ் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரையாகப் போகிறது. ஊரில் பெய்கிற மழையெல்லாம் அந்தப் பக்கம்தான் வடிந்து ஏரிக்குப் போகும். கரை குறுக்கே வந்தால் தண்ணீர் பின்தெருவில் நிற்கும். அதற்காகத்தான் வரைபடத்தில் கரைக்கு அடியில் ஐந்து மதகுகள். ஆள் தவழ்ந்து போகிற அளவு சிமெண்ட் குழாய்கள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. இரண்டு வருஷத்துக்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மேடையில் நின்று இதை விளக்கியது நான். வீட்டை விட்டுக் கொடுக்கத் தயங்கியவர்களைப் பார்த்து "என் தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்று எழுந்து சொன்னது நீ.

நேற்று மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கவும் ஒன்றுக்குப் போகவும் மூன்றாம் மதகுக்குள் குனிந்தேன். தொண்டையைச் செருமினேன். எதிரொலி வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரே ஒரு குழாய்த் துண்டு, அதற்கப்பால் மண். அடைப்பு இல்லை, அக்கா. ரோலர் போட்டு இறுக்கிய கரை மண். சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனேன். அங்கேயும் ஒரு துண்டு, பிறகு மண். நான்கு, ஐந்தையும் பார்த்துவிட்டேன். வெளியே அழகாக முகச்சுவர் கட்டி, மஞ்சள் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றும் இரண்டும் மட்டும் நிஜம். பார்வையிட வருகிற அதிகாரிகள் அங்கேதான் காரை விட்டு இறங்குவார்கள்.

மேனேஜரிடம் போனேன். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். முகாமில் அவருக்கு அதுவே பெயர்.

"சார், மூணு, நாலு, அஞ்சுல உள்ள குழாய் இல்ல."

"வெளியே இருக்குல்ல?"

"வெளியே ஒரு துண்டுதான் சார்."

"போட்டோவில அதானே தெரியும். நீங்க ஏன் உள்ள போனீங்க?"

"ஒண்ணுக்குப் போனேன்."

"போனா போயிட்டு வரணும் தம்பி. ஆராய்ச்சி பண்ணக் கூடாது. இப்பல்லாம் மழை எங்க பெய்யுது? பேப்பரை மேசை மேல வச்சிருக்கேன், ஆகட்டும்."

அந்தப் பேப்பர் ஐந்து மதகும் முடிந்துவிட்டது என்கிற சான்று. நான் தனியாகக் கத்தினால் என்னைத் தூக்கிவிட்டு வேறொருவனை வைப்பார்கள். ஊர்த் தெருவில் லாரி வேண்டாம், பைபாஸ் வேண்டும் என்று போராடிய உங்கள் குழு கேட்டால் அப்படிச் செய்ய முடியாது. திறப்பதற்கு முன் மதகுகளைத் திறந்து காட்டு என்று ஒரு மனு கொடுங்கள். நீதான் செயலாளர். செய்வாயா?

தம்பி


பிப்ரவரி 14
கிளினிக்

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையுறையோடு படித்தேன். கழற்ற நேரமில்லை. காய்கறி வண்டிக்காரரின் குதிகால் என் மடியில் இருந்தது. லாரியின் பின் சக்கரம் லேசாகத்தான் உரசியதாம். லேசாக உரசியதற்குப் பதினேழு தையல். அவர் வலியில் ஒரு சத்தமும் போடவில்லை. "தக்காளியெல்லாம் ரோட்ல கிடக்கு சிஸ்டர்" என்று மட்டும் நாலு தடவை சொன்னார்.

நீ மேசைமேல் இருக்கிற பேப்பரைப் பற்றி எழுதுகிறாய். என் மேசைமேல் இருப்பதை நானும் எழுதுகிறேன். எங்கள் கிளினிக்கில் வேலை பார்த்த ஆயாவை மறந்துவிட்டாயா? காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சம். டாக்டருக்காக ஜெராக்ஸ் எடுக்க எதிர்ப்பக்கம் போனாள். ஒரு லாரி பின்னால் வந்தது. அவளுடைய ஒரு செருப்பு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அவள் சேரவில்லை. அவளை அள்ளியது நான். அள்ளியது என்ற வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எந்தச் சாப்பாட்டிலும் அந்த வாடைதான்.

பதினோரு வருஷம் மனு கொடுத்தோம். எத்தனை வரவேற்பறை, எத்தனை பெஞ்சு, எத்தனை "சார் மீட்டிங்ல இருக்காரு". இப்போது திறக்கப் போகிற நேரத்தில் நாங்களே போய் "திறக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். விசாரணை என்பார்கள், கோர்ட் என்பார்கள், தேர்தல் வரும், ஆள் மாறுவான். கரைமேல் ஆடு மேயும். இந்தத் தெருவில் மாதத்துக்கு இரண்டு பேர் செத்துக்கொண்டிருப்பார்கள். உன் மதகுகள் அப்போதும் அடியில் இல்லாமலேதான் இருக்கும்.

இருந்தாலும் உன் பெயரைச் சொல்லாமல் குழுத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். அதுதான், ஹார்டுவேர் கடைக்காரர். மூணு மதகு சரியில்லை என்று கேள்விப்பட்டேன் என்றேன். அவர் ஆணியை எடைபோட்டுக்கொண்டே, "வண்டி ரோட்டு மேல தானேம்மா போகுது, அடியிலயா போகுது?" என்றார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. சிரித்தும் விட்டேன். வெளியே வந்தபின்தான் ஏதோ எச்சிலை மிதித்தது போல இருந்தது.

மழை வருவதற்குள் குழாய் வைத்துவிடச் சொல்லி நீயே உள்ளுக்குள் நச்சரி. திறந்த பிறகு நாங்களும் சத்தம் போடுகிறோம். இப்போதைக்குக் கையெழுத்தைப் போடு.

அக்கா


மார்ச் 2
முகாம்

அக்கா,

போட்டுவிட்டேன். நீ சொன்ன பிறகு வேறென்ன யோசிக்க.

"ஆகட்டும்" சார் எழுந்து நின்று கைகொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. கொட்டகைக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், பிறகு மண்ணைப் போட்டுக் கழுவினேன். பக்கத்துக் கட்டில்காரன் "கிரீஸா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அந்தக் கையெழுத்தில் பாதி உன்னுடையது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

பாதி என்னுடையது என்று எழுதி இரண்டரை மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. திறப்பு விழாவுக்கும் வரவில்லை. நீ என்ன சின்னப் பிள்ளையா? பேனாவைப் பிடித்தது உன் கை. நான் எழுதினேன், நீ போட்டாய். நான் குதி என்று எழுதியிருந்தால் குதித்திருப்பாயா?

விழாவைப் பற்றிச் சொல்கிறேன். பந்தலுக்கு ஏசி போட்டிருந்தார்கள். பந்தலுக்கு ஏசி. ரிப்பன் வெட்ட வந்தவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். பேசினார், பேசினார், மக்களின் பதினோரு வருஷக் கனவு என்றார். எங்கள் தலைவர் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார், கழுத்தில் ஸ்பிரிங் வைத்தது மாதிரி. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். "ஆகட்டும்" சாரை அங்கேதான் முதல் தடவை பார்த்தேன். "உங்க தம்பி நல்ல பையன், சொன்னா கேப்பான்" என்றார்.  போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேப்பரில் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்.

இதையும் கேள். மறுநாள் காலை கிளினிக் கதவைத் திறந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் புரிந்தது, ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. ஒரு லாரிகூட இல்லை. ஒரு கிழவர் நடுரோட்டில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். இந்த மூன்று வாரத்தில் விபத்து என்று ஒருவர்கூட வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்தெருவுக்குப் போனேன். கரைக்காக வீடு இழந்தவர்களுக்கு அங்கேதானே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், கரைக்கு நேர் அடியில். பிளம்பர் அண்ணன் வாசலில் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை வீட்டை விட மாட்டேன் என்று நின்றவர், நான் போய்ப் பேசிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். "சிஸ்டர், லாரிச் சத்தம் உங்களை விட்டுட்டு எங்ககிட்ட வந்துருச்சு" என்று சிரித்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழாய் வைக்கச் சொல்லி நச்சரித்தாயா இல்லையா?

அக்கா


ஜூன் 6

அக்கா,

நச்சரித்தேன். அதற்குப் பரிசாக இங்கே மாற்றிவிட்டார்கள். மூன்று நாள் பயணத்தில் இருக்கிறது இந்த இடம். கல் உடைக்கும் யூனிட். காலையிலிருந்து சாயங்காலம்வரை தூசி. துப்பினால் வெள்ளையாக வருகிறது. இங்கே சோதிக்க எதுவும் இல்லை, கல் எப்படியும் கல்தான்.

உன்னோடு சண்டை போட இப்போது தெம்பில்லை. இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, நான் கையால் போட்ட படம். ஐந்தில் நான்காம் மதகுதான் ஆகத் தாழ்வான இடம். தண்ணீர் நின்றால் முதலில் அங்கேதான் நிற்கும். கரையை வெட்ட வேண்டி வந்தால் வெட்ட வேண்டிய இடமும் அதுதான், முகச்சுவரிலிருந்து எட்டு அடி இடதுபக்கம். அங்கே மண் தளர்வு. எனக்குத் தெரியும், அங்கே ரோலர் சரியாகப் போகவில்லை. இரண்டாவது தாள், கையெழுத்துப் போட்ட சான்றின் நகல். எந்த மதகில் குழாய் இல்லை என்று பின்னால் எழுதியிருக்கிறேன்.

இதை யாரிடம் காட்டுவது என்பதை நீயே முடிவு செய். ஆனால் பின்தெருக்காரர்களுக்கு மட்டுமாவது மழைக்கு முன் சொல்லிவிடு. உள்ளே குழாய் இல்லை என்று தெரிந்தால் சாமானையாவது மேலே ஏற்றி வைப்பார்கள்.

தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

இதை உட்கார்ந்து எழுத ஆறு நாள் ஆகியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்தது. இரண்டு தாளையும் பார்த்தேன். மடித்து, கிளினிக் அலமாரியில் பஞ்சு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நான்கு மாதம் போனது. சொன்னால் முதல் கேள்வி "உனக்கு எப்பத் தெரியும்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு பயந்துகொண்டு இருந்தேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதையும் தேடாதே.

பதினொன்றாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. பதின்மூன்றாம் தேதி காலை பின்தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். சாக்கடையும் மழையும் ஒன்றாகக் கலந்து நின்றது. அதில் என்னென்ன மிதந்தது என்று எழுதப் போவதில்லை. எல்லோரையும் பள்ளிக்கூட மாடியில் ஏற்றியிருந்தார்கள். நானும் டாக்டரும் மருந்துப் பெட்டியோடு போனோம்.

எங்கள் தலைவரும் வந்திருந்தார், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு. மாடிப்படியில் நின்றுகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மதகெல்லாம் நீங்கதான் குப்பை போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க. கவர்ன்மென்ட் அஞ்சு மதகு கட்டிக் குடுத்திருக்கு. சுத்தமா வச்சுக்கத் தெரியல. இப்பக் கத்தி என்ன பிரயோஜனம்?"

ஜனங்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி, அவர்கள் வெட்கப்பட்டார்கள். தங்கள் குப்பைதான் காரணம் என்று நம்பித் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் நான் நிற்கிறேன். அலமாரியில் உன் தாள் இருக்கிறது. நான் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளம்பர் அண்ணன்தான் எழுந்தார். "அடைப்புதானே? அடைப்பு எடுக்கறது என் தொழிலு" என்றார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். அங்கே தண்ணீர் இல்லை. நான்காம் மதகின் வாய் காய்ந்து கிடந்ததாம். கடப்பாரையும் வாளியும் எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்திருக்கிறார்.

போவதை நான் பார்த்தேன். நாலு குத்துக் குத்திப் பார்ப்பார், கல்லு மாதிரி இருக்கும், திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

அவர் திரும்பி வருகிற ஆள் இல்லை. மூன்று மணி நேரம் குத்தியிருக்கிறார். குழாய்த் துண்டைத் தாண்டி ஒரு ஆள் நீளத்துக்கு மண்ணைத் தோண்டியிருக்கிறார், மல்லாந்தும் குப்புறவும் படுத்து, வாளி வாளியாக வெளியே தள்ளி. ஊர்ப்பக்கம் நின்ற தண்ணீரின் ஈரம் ஊறி ஊறி மேலே இருந்த மண் உட்கார்ந்துவிட்டது. கடப்பாரைக்கும் குழாய் விளிம்புக்கும் நடுவில் வலது கை. காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எனக்கு ஆள் வந்தது. ஓடினேன்.

வாயெல்லாம் மண். விரலைவிட்டு நான்தான் தோண்டி எடுத்தேன். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தன் கை என்ன ஆனது என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது.

"சிஸ்டர், இன்னும் எவ்வளவு தூரம் அடைச்சிருக்கும்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அடைப்பு இல்லண்ணா. உள்ள குழாயே இல்ல" என்றேன். சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. "எனக்கு பிப்ரவரிலயே தெரியும்" என்று அதையும் சொன்னேன்.  பிளம்பரின் மனைவி அவர் தலையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். பஞ்சு டப்பாவைத் தூக்கி உன் படத்தை எடுத்தேன். கரைமேல் ஓரத்து மண்ணைச் சரிசெய்ய ஒரு பொக்லைன் நின்றிருந்தது. அதன் டிரைவர் பின்தெருக்காரர் ஒருவரின் மருமகன். அவனிடம் படத்தைக் காட்டி "இந்த இடத்துல வெட்டு" என்றேன். "யார் சொன்னாங்கன்னு கேட்டா?" என்றான். "நர்ஸ் சொன்னான்னு சொல்லு."

இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தினார்கள். தலைவர் பூட்ஸோடு ஓடி வந்தார். "உனக்குப் பைத்தியமா? பதினோரு வருஷம்மா, பதினோரு வருஷம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, நடிப்பில்லை. எனக்கும் அழுகை வந்தது. பதினோரு வருஷமும் நானும்தானே நடந்தேன். "வெட்டு" என்றேன்.

நீ எழுதியிருந்தபடியே மண் தளர்வாகத்தான் இருந்தது. வாய்க்கால் அளவு வெட்டியதுதான் தாமதம், மீதியைத் தண்ணீரே கிழித்துக்கொண்டு போனது. தார் துண்டு துண்டாக மடிந்து விழுந்தது. மூன்று மணி நேரத்தில் பின்தெரு வடிந்தது.

மறுநாள் காலை கிளினிக் ஜன்னல் அதிர்ந்தது. லாரிகள் பழைய வழிக்கு வந்துவிட்டன. முதல் நாளே ஒருவர், முழங்கை, ஒன்பது தையல்.

பிளம்பருக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். என்மேல் பொதுச்சொத்தை நாசம் செய்ததாக வழக்கு. விசாரணை அதிகாரி வரப் போகிறார். உன் கையெழுத்துள்ள தாளை அவரிடம் கொடுத்தால் நீயும் மாட்டுவாய். கொடுக்காவிட்டால் குப்பைதான் காரணம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீ சொல்.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

கொடுத்துவிடு. நானும் ஒரு வாக்குமூலம் எழுதி விசாரணை ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இங்கே வேலையை விட்டுவிட்டேன். விடச் சொல்வதற்கு முன்னால் விட்டேன் என்பது மட்டும்தான் என் வீரம்.

அந்தத் தாளை அவர் கையில் கொடுக்கும் முன் கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதியைப் பார். நீ பார்த்திருக்க மாட்டாய், பார்த்திருந்தால் கேட்டிருப்பாய். பிப்ரவரி 13.

உன் பதில் பதினாலாம் தேதியிட்டது. எனக்குக் கிடைத்தது பதினைந்தாம் தேதி. நான் அதற்கு இரண்டு நாள் முன்பே போட்டுவிட்டேன். உனக்கு முதல் கடிதம் எழுதிய ஈரம்கூடக் காயவில்லை. "ஆகட்டும்" சார் மிரட்டவில்லை, கத்தவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்த மௌனத்தை என்னால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. போட்டுவிட்டேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. போடு என்று எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இரண்டு வாரம் தள்ளி உட்கார்ந்து, நீ சொன்னதால்தான் போட்டேன் என்று எழுதினேன். பாதி உன்னுடையது என்றேன். கை கழுவியது நிஜம். நாள்தான் பொய். எட்டு மாதமாக உன் தலையில் வைத்துவிட்டு நான் இங்கே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்க்க உனக்கு அருவருப்பாக இருந்தால் புரிந்துகொள்வேன். எனக்கே கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் மட்டும் வந்து போகிறேன். வீட்டுக்கு வரவில்லை.

தம்பி


டிசம்பர் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை காறித் துப்பலாம் போல இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ பதின்மூன்றில் போட்டாய், நான் பதினாலில் எழுதினேன். நீ போடாமல் இருந்திருந்தாலும் என் கடிதம் உன்னைப் போட வைத்திருக்கும். அதனால் நீ எதையும் என் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடவில்லை. பாதி என்னுடையதுதான். உன் பொய்க்கு உன்னை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை முடிந்தது. அதிகாரி சுத்தமான சட்டை போட்ட ஆள். மதகுக்குள் எட்டிப் பார்க்கும்போது மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டார். மூன்று மதகுகளும் "விடுபட்டுப்போயின" என்று அறிக்கை. விடுபட்டுப்போயின, பஸ்ஸில் குடையை விட்டுவந்த மாதிரி. புதிதாகக் குழாய் பதிக்க உத்தரவு வந்துவிட்டது. பதிக்கப் போவது யார் என்று கேட்காதே. அதே கம்பெனிதான், அதே "ஆகட்டும்" சார்தான். போன வாரம் கிளினிக்குக்கே வந்து "எல்லாம் நல்லதுக்குத்தான் சிஸ்டர்" என்றார். அவர் நின்றிருந்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தேன். உனக்குத் தொழிலில் இரண்டு வருஷத் தடை. என் வழக்கு இன்னும் நடக்கிறது. குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தலைவர் கடையில் ஆணி எடைபோடுகிறார், வழக்கம்போல.

ஆனால் இந்தத் தடவை குழாய் இறங்கும்போது பின்தெருக்காரர்கள் முறைபோட்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் இறங்கும்போது எண்ணி, சாக்பீஸால் குறிபோட்டுவிட்டுத்தான் மண் தள்ள விடுகிறார்கள். அவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது பிளம்பர்தான். இடது கையால் காட்டுகிறார்.

அவர் கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் என்னிடம்தான் வருகிறார். வேறு கிளினிக் இருக்கிறது, இருந்தும் இங்கே வருகிறார். முதல் இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மேசைமேல் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பார்.  மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் டெட்டால் வாடைதான் உள்ளே போகிறது.

முந்தாநாள் அவர் மனைவியும் கூட வந்திருந்தாள். கட்டுப் போட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தவள் கேட்டாள்.

"உங்க தம்பி எப்ப வராரு?"

"தெரியலைம்மா. எதுக்கு?"

"பாக்கணும்."

"திட்டணும்னா என்னைத் திட்டு. எனக்கும் தெரியும்ல."

"உங்களைத்தான் தினம் பாக்கறோமே. அவரைப் பாக்கணும். மேடைல நின்னு அஞ்சு மதகுன்னு சொன்னாருல்ல? எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து, இல்லைன்னு அவரு வாயால சொல்லட்டும்."

பிளம்பர் அண்ணன் அப்போதுதான் முதல் தடவை பேசினார். "வரச் சொல்லுங்க சிஸ்டர். குழாய் சரியா இறங்குதான்னு பாக்க எஞ்சினியர் வேணும்ல. தடை போட்டது அவங்கதானே, நாங்க போடலையே" என்றார். சிரிக்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுச் சாக்பீஸை எடுக்கப் பார்த்தார், வலது கை என்று மறந்துபோய். மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

அதனால் வா. வீட்டுக்கு வரவில்லை என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதாதே. வந்து அவர்கள் வீட்டில் உட்கார், சொல்ல வேண்டியதைச் சொல். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். நல்ல வரவேற்பு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள். அடித்தாலும் தையல் போட நான் இருக்கிறேன்.

அக்கா